இரண்டு முறை உப்பு விழுந்த அசனம்

தோஸ்து,

இன்று காலை கை நிறையக் கல்லுப்பை அள்ளிக்கொண்டு குழம்பு அண்டாவுக்கு முன்னால் நின்றேன். போட வேண்டியதுதான். குழம்பு கொதி வந்து, மசாலா வாசம் சபைக் காம்பவுண்டைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டிருந்தது. ஆனால் கை இறங்க மாட்டேன் என்றது. விரல் இடுக்கில் உப்பு கசிய ஆரம்பித்தது. புகைக்கு அந்தப் பக்கம், நீ வழக்கமாக நிற்கிற இடம் காலியாக இருந்தது. நீ போன பிறகு வந்த முதல் அசனம் இது.

“அசனம்னா இன்னா மாமு?” என்று நீ முதல் தடவை கேட்டது அதே இடத்தில்தான். சாத்தாங்காட்டில் என் இரும்புக் கடைக்குத் தகடு ஏற்ற வருகிற குட்டியானை மினி லாரிக்காரன் நீ. அன்றைக்குச் சபைக்கு விறகு இறக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தேன். “எங்க ஊர்ப் பக்கம் சபைகள்ல வருசத்துக்கு ஒருக்கா நடக்கும்டே. எல்லாருமா சேந்து ஆக்கி, எல்லாருமா ஒரே பந்தியில உக்காந்து திங்கது” என்றேன். விறகை இறக்கிப் போட்டுவிட்டுக் கிளம்ப வேண்டியவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அங்கேயே நின்றாய். “அப்ப நானும் குந்தலாமா?” என்றாய். குந்தினாய். மூன்று தடவை சோறு வாங்கினாய். அடுத்த ஞாயிறு தலையைப் படிய வாரிக்கொண்டு ஆலயத்துக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாய்.

நீ ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கு ஆளாளுக்கு உன்னைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பிரசங்கம் உன்னைத் தொட்டது என்று கேட்டார்கள். நீ அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னாய்: “பிரசங்கம் பாதி புர்யல சார். அன்னிக்குப் பந்தில ஒர்த்தரு எனுக்குத் தண்ணி ஊத்துனாரு. கார்ல வந்தவரு. வேர்த்து ஊத்திகினு, குனிஞ்சு, சிரிச்சுகினே ஊத்துனாரு. இவங்க ஆண்டவரு யாருன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அப்புறம் போவத் தோணல.” போதகர் சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் சுருக்கென்றது.

ஏனென்றால் நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவன். என் அப்பா தெற்கத்திச் சீமையிலிருந்து இரும்பு வியாபாரத்துக்கு இங்கே வந்தபோது பைபிளையும் தராசையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறினதில்லை. காணிக்கை தவறினதில்லை. ஆனால் கடையைத் திறப்பது போலத்தான் ஆலயத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஷட்டரைத் தூக்கு, உட்கார், ஷட்டரை இறக்கு, அவ்வளவுதான். சந்தோஷம் என்ற சொல் பாட்டில் வந்தால் பாடுவேன், அதற்கு மேல் எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நீ அதை வந்த கொஞ்ச நாளிலேயே கண்டுபிடித்துவிட்டாய். “மூஞ்ச இன்னாத்துக்கு இப்பிடி வெச்சினுகீற? சிரிச்சுகினே கும்புடு மாமு, அவரு ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு.” எனக்குக் கோபம்தான் வந்தது. நேற்று வந்தவன் எனக்குச் சொல்லித் தருகிறானா என்று.

அந்தக் கோபத்தோடேயே வருஷா வருஷம் இரண்டு பேரும் ஒரே அண்டாவில் கிண்டினோம். நான் மசாலா, நீ அடுப்பு. உப்பு யார் கைக்குத் தோதோ அவர் போடுவது. நம் சபையில் ஒரு கட்டுப்பாடு உண்டே, அசனச் சாப்பாடு ஜெபம் பண்ணுகிற வரைக்கும் ஒருவர் நாவிலும் படக்கூடாது, சமைக்கிறவனும் ருசி பார்க்கக்கூடாது என்று. அது உனக்குக் கடைசி வரைக்கும் பிடிபடவில்லை. “உப்பு கீதா இல்லியான்னு எப்டி மாமு தெரியும்?” என்பாய். “விசுவாசம்டே” என்பேன். “அதுக்கில்ல, உப்ப இன்னான்னு விசுவாசிக்கிறது” என்று தலையைச் சொறிவாய். அதனால் நாம் ஒரு வழி வைத்திருந்தோம். போட்டவன் மற்றவனிடம் சொல்லிவிட வேண்டும். அதுதான் நம்மிடம் இருந்த ஒரே பாதுகாப்பு.

ஒரு வருஷம் அந்தப் பாதுகாப்பும் இல்லாமல் போனது, நாம் பேசிக்கொள்ளாததால்.

டோக்கன்தான் காரணம். ஊரில் அசனம் என்றால் கேட்டைத் திறந்து வைத்துவிடுவோம், எந்த மதத்துக்காரன் வந்தாலும் இலை போடுவோம். இங்கே இடம் பத்தவில்லை என்று கமிட்டி டோக்கன் முறை கொண்டுவந்தது, குடும்பத்துக்கு இத்தனை என்று. நீ உன் குப்பத்துக்கு டோக்கன் கேட்டாய். எண்ணூர் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், தொழிற்சாலைப் புகைக்குழாய்களுக்கு நடுவே இருக்கிற உன் குப்பம். உன் தங்கை மல்லிகா அங்கேதான் இருந்தாள். அவளுக்கு அவள் அம்மன், உனக்கு உன் ஆண்டவர், இரண்டு வீட்டுக்கும் நடுவில் மீன் குழம்பு போய்வந்துகொண்டிருந்தது. “நீங்க தண்ணி ஊத்துனத பாத்து வந்தவன் நானு. அவங்களும் ஒரு தபா வந்து குந்தட்டுமே” என்றாய். செக்ரட்டரி அண்ணாச்சி முடியாது என்றார். நீ என்னைப் பார்த்தாய். நான் கமிட்டி முடிவு கமிட்டி முடிவுதான் என்றேன். அதற்கப்புறம் நீ என்னிடம் வாய் திறக்கவில்லை.

ஆனாலும் அசனத்தன்று விடிகாலையில் எனக்கு முன்னால் வந்து அடுப்பு மூட்டியிருந்தாய். வண்டியை வாசலில் நிறுத்தி, லுங்கியை மடித்துக் கட்டி, என்னைப் பார்க்காமலே விறகைத் தள்ளினாய். நானும் உன்னைப் பார்க்காமலே வெங்காயத்தைக் கொட்டினேன். காய் நறுக்குகிற பெண்களெல்லாம் நம் இருவர் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

ஆலயத்தில் ஆராதனை ஆரம்பித்து, சோறும் குழம்பும் இறக்குகிற பக்குவத்துக்கு வந்த நேரம் உன் போன் அடித்தது. நீ காதில் வைத்தாய். மல்லிகாவின் குரல் எனக்கே கேட்டது. “அண்ணா, கண்ணு எரியுது, பாப்பா மூச்சு விட மாட்டேங்குதுண்ணா, தெருவே ஓடிகினுகீது” என்று கத்தினாள். நீ குழம்பு கிண்டுகிற துடுப்பைப் போட்டுவிட்டு ஓடினாய். வண்டி கிளம்பிய வேகத்தில் வாசலில் கிடந்த வாழையிலைக் கட்டு சிதறியது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வாசல் வரைக்கும் ஓடிவந்து, வடக்கே போகிற உன் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நின்றேன். எல்லாரும் அங்கிருந்து ஓடுகிறார்கள், நீ மட்டும் அங்கே போனாய்.

திரும்பி வந்து என்ன செய்வதென்று தெரியாமல், கை பழக்கத்தில் உப்பை அள்ளிக் குழம்பில் போட்டேன். நீ ஏற்கெனவே போட்டுவிட்டாய் என்று யார் சொல்வது?

கொஞ்ச நேரத்தில் அந்த நெடி இங்கேயும் வந்தது. மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி ஒரு நெடி. ஏதோ தொழிற்சாலையில் குழாய் கசிகிறது என்றார்கள், எந்த வாயு என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் வண்டி மைக்கில் சொல்லிக்கொண்டே போனது, ஈரத்துணியை மூக்கில் கட்டுங்கள், அடுப்பை அணையுங்கள் என்று. எரிகிற விறகில் தண்ணீரைக் கொட்டினோம். புகையும் நெடியும் சேர்ந்து யார் முகமும் தெரியவில்லை. ஆராதனை பாதியில் நின்றது. கார் வைத்திருந்தவர்கள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது, எல்லாருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதி ஆலயம் காலியானது.

அப்போதுதான் உன் குப்பத்து ஜனங்கள் சாலையில் வர ஆரம்பித்தார்கள். முந்தானையை நனைத்து வாயில் வைத்துக்கொண்டு பெண்கள், பெரியவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆண்கள், செருப்பில்லாத கால்கள். எங்கே போவதென்று தெரியாமல் நம் கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். உள்ளே பைப்பில் தண்ணீர் ஒழுகுவது அவர்களுக்குத் தெரிந்தது. கேட் பூட்டியிருந்தது. டோக்கன் பார்த்து உள்ளே விடுவதற்காகப் பூட்டி வைத்திருந்தோம். சாவி என் இடுப்பில் இருந்தது.

செக்ரட்டரி அண்ணாச்சி என் கையைப் பிடித்தார். கெட்ட மனுஷர் இல்லை அவர், பயந்துவிட்டார். “தம்பி, அவசரப்படாத. நமக்கே மூச்சு முட்டுது. உள்ள விட்டு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாருடே பொறுப்பு? போனவங்க திரும்பி வந்து சாப்பாடு எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?”

உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் நான் வேதவசனம் எதையும் நினைக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் உன் முகம் இருக்கிறதா என்று மட்டும் தேடிக்கொண்டிருந்தேன். இல்லை. நீ இல்லாமல் அவர்கள் மட்டும் வந்திருக்கிறார்கள். நீ கூப்பிடச் சொன்னவர்கள் வந்துவிட்டார்கள், கூப்பிட்டவனைக் காணோம். இவர்களைத் தெருவில் நிறுத்திவிட்டு உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்ற பயம் வந்தது. “நானே பொறுப்பு அண்ணாச்சி” என்று சொல்லிப் பூட்டைத் திறந்தேன்.

உள்ளே வந்தவர்களுக்குக் கண் கழுவத் தண்ணீர் ஊற்றினேன். குடத்தைச் சாய்த்துச் சாய்த்து முதுகு பிடித்துக்கொண்டது. குனிந்துதான் ஊற்ற வேண்டியிருந்தது, தோஸ்து. அது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. ஒவ்வொருவரிடமும் உன்னைக் கேட்டேன். “அது குப்பத்துக்குள்ளாற போச்சுபா, கெய்வி கெய்வன்லாம் ஏத்திகினுகீது” என்றார் ஒருவர். “நானு பாக்கல” என்றார் இன்னொருவர். சாலையில் ஆள் வருவது குறைந்துகொண்டே வந்தது. கடைசியாக ஒரு சைக்கிள் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை, வெறும் ரோடு. போன் போட்டால் அடித்து அடித்து நின்றது. ஆண்டவரே, அவனிடம் நான் பேசாமல் இருக்கிறேனே, இப்படியே முடித்துவிடாதேயும் என்று கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அதுவரைக்கும் நான் பண்ணின ஜெபமெல்லாம் பழக்கத்தில் பண்ணினது. கேட்டுப் பண்ணின ஜெபம் எனக்கு அது ஒன்றுதான்.

ஹாரன் முதலில் கேட்டது. பிறகு வண்டி. பின்னால் மனிதர்களை அடுக்கி ஏற்றியிருந்தாய், கதவிலும் இரண்டு பேர் தொங்கினார்கள். நீ இறங்கவில்லை, விழுந்தாய். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. முன் சீட்டிலிருந்து மல்லிகா இறங்கினாள், மார்பில் ஈரத்துண்டில் சுற்றிய குழந்தை. அது அழவில்லை. நம் சபையில் நர்ஸ் வேலை பார்க்கிற அக்கா குழந்தையைப் பிடுங்கித் துண்டை உருவி எறிந்தாள். முகத்தைத் துடைத்து, வாயில் விரல் விட்டு வழித்து, கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினாள். மல்லிகா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் என் சதையில் இறங்கியது. நர்ஸ் அக்கா மறுபடி தட்டினாள். மறுபடி.

குழந்தை ஒரு இருமல் இருமிவிட்டு வீறிட்டது.

எல்லாரும் சந்தோஷப்படக்கூடத் திராணி இல்லாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டோம். ஆம்புலன்ஸில் முடியாதவர்களை அனுப்பினோம். அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பயமில்லை என்று சொல்லி அனுப்ப மத்தியானம் ஆகிவிட்டது. நீ போக மாட்டேன் என்றாய். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, இருமி முடித்து, என்னைப் பார்த்து, அத்தனை நாளுக்கு அப்புறம் முதல் வார்த்தை பேசினாய்: “மாமு, சோறு வெந்துச்சா?” எனக்கு அழுகை வந்துவிட்டது. “வெந்துருச்சுடே” என்றேன்.

காற்று மாறி நெடி குறைந்த பிறகு போதகர் ஜெபம் பண்ணினார். நீளமாக ஜெபம் பண்ணுகிறவர், அன்றைக்கு நாலு வரியில் முடித்தார். தரையில் இலை போட்டோம். குப்பத்து ஜனங்களும், ஓடாமல் நின்ற சபையாரும் கலந்து உட்கார்ந்தார்கள், டோக்கன் யாரிடமும் கேட்கவில்லை. பயம் இன்னும் எல்லார் முகத்திலும் இருந்தது, வீட்டுக்குத் திரும்ப முடியுமா என்று யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த மல்லிகா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு முதல் கவளத்தை வாயில் வைத்தாள். மென்றாள். பாதியில் நிறுத்தினாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“இன்னாண்ணா இது? கடல்லர்ந்து ஓடியாந்தோம்னு பாத்தா, கடலையே காச்சி ஊத்திகீறீங்க?”

பிறகு பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் நக்கிப் பார்த்துவிட்டுக் களுக்கென்று சிரித்தாள். அது வரிசையாகப் பரவியது. இருமிக்கொண்டே சிரித்தார்கள், அழுதுகொண்டே சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். “நீ போட்டியாடே?” “நானு போட்டேன். நீயுமா மாமு போட்ட?” அவ்வளவுதான். சுவரில் மோதிக்கொண்டு சிரித்தோம். உப்பு கூடிப்போனதால் அரைக் கரண்டிக்கு மேல் யாரும் குழம்பு கேட்கவில்லை, சோறுதான் கூடக் கூட வாங்கினார்கள். அதனால்தான் வந்தவர்கள் எல்லாருக்கும் குழம்பு எட்டியது. செக்ரட்டரி அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நடந்தார். “இன்னும் ரெண்டு குடம் கொண்டாங்கடே, தாகம் தாங்காது” என்று அவர் கத்தினபோது மறுபடியும் சிரிப்பு.

ஜெபத்தில் கிடைக்காதது, பாட்டில் கிடைக்காதது, எனக்கு அந்தத் தரையில் கிடைத்தது. இன்னதென்று சொல்லத் தெரியவில்லை. வயிறு காலி, முதுகு வலி, கண் எரிச்சல், ஆனால் மனசு நிறைந்து வழிந்தது. நீ கவனித்துவிட்டாய். “இப்ப பாரு மூஞ்சி நல்லாகீது” என்றாய்.

அடுத்த வருஷத்திலிருந்து டோக்கன் போயிற்று, அண்ணாச்சியே எடுத்துவிட்டார். உப்புக்கும் ஒரு சட்டம் வந்தது. போட்டவன் ஊருக்கே கேட்கிற மாதிரி “உப்பு போட்டாச்சு!” என்று கத்த வேண்டும். நான் கத்துவேன். புகைக்கு அந்தப் பக்கமிருந்து நீ, “கேட்டுச்சு மாமு, கைய எடு!” என்று பதில் கத்துவாய். கையை எடுக்காவிட்டால் நான் மறுபடி அள்ளிவிடுவேனாம்.

போன ஆடி மாதம் துறைமுக ரோட்டில் நீ வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துவிட்டாய். நெஞ்சு என்றார் டாக்டர். நெஞ்சு நிற்கிற நேரத்திலும் யார்மேலும் மோதாமல் ஓரம் கட்டியிருக்கிறாய். உன்னைத் தூக்கினபோது ஒரு பக்கம் சபையார் தோள், ஒரு பக்கம் குப்பத்துத் தோள். உயரம் ஒத்துவராமல் பெட்டி கொஞ்சம் சாய்ந்தே போனது. நீ பார்த்திருந்தால் கிண்டல் பண்ணியிருப்பாய். எனக்கு இன்னும் ஆறவில்லை, தோஸ்து. கடையில் குட்டியானை ஹாரன் கேட்டால் எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

அதனால்தான் இன்று காலை கை இறங்கவில்லை. போட்டால் கத்த வேண்டும். கத்தினால் பதில் வராது. அந்தப் பதில் வராத நேரத்தை நான் எப்படித் தாண்டுவது? உன் ஆட்கள் எல்லாரும் முற்றத்தில் இருந்தார்கள், வெங்காயம் உரித்துக்கொண்டு, இலை துடைத்துக்கொண்டு. ஒவ்வொருவராகக் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். மூச்சை இழுத்து உப்பைப் போட்டேன். “உப்பு போட்டாச்சு” என்றேன். கத்த வரவில்லை, சொல்லத்தான் வந்தது. விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. உப்பு ஒட்டின கை அண்டாவுக்கு மேலேயே நின்றது.

புகைக்கு அந்தப் பக்கம், நீ நிற்கிற இடத்தில், யாரோ வந்து நிற்பது தெரிந்தது. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, துடுப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மல்லிகா.

“கேட்டுச்சுண்ணா,” என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினாள், “கைய எடு!”

எடுத்தேன்.